கேபிள் கார்ல தினம் வேலைக்குப் போறது சரிப்படுமா?

மூஃபியா_வாசி: வணக்கம், நான் இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவு ரீயூனியன்ல, செயின்ட் டெனிஸ் நகரத்துல இருக்கேன். 2022ல இருந்து இங்க பாப்பாங்னு ஒரு கேபிள் கார் ஓடுது, ஷோத்ரோன்ல இருந்து புவா தெ நெஃப்ல் வரை 2.7 கிலோமீட்டர், 5 ஸ்டேஷன். ஊர்ல டிராஃபிக் இன்னும் அப்படியேதான் இருக்கு. இது நெஜமாவே பஸ், டிராம் மாதிரி கணக்குல வருமா, இல்ல வேடிக்கை பாக்கத்தானா?

மலைப்பாதை: வேடிக்கை எல்லாம் இல்லங்க. கொலம்பியால மெடெயின் நகரத்துல 2004லயே மலைமேல இருக்கிற ஏழை ஜனங்க குடியிருப்பை கீழ இருக்கிற மெட்ரோவோட சேர்த்துட்டாங்க, பொலிவியா லா பாஸ்ல 2014ல ஆரம்பிச்சு இப்ப பத்து லைன் ஓடுது, அங்க மெட்ரோவே கிடையாது, ஊரே இதுலதான் ஏறி இறங்குது. சரிவான ஊருக்கு ரோடு போடுறத விட தூண் நடுறது சுலபம், கீழ நிலமும் கொஞ்சம்தான் வேணும்.

ஷோத்ரோன்_தம்பி: அண்ணே ஒரு லைன்ல மணிக்கு ஒரு பக்கம் மூவாயிரம் பேரு போனாலே பெருசு, மெட்ரோ அதப்போல பத்து மடங்கு தூக்கும். ஒத்த லைன வெச்சிட்டு ஊரு டிராஃபிக் குறையலன்னா எப்படி? அப்புறம் சூறாவளி வந்தா நிறுத்தியே ஆகணும், நம்ம தீவுல அது வருஷா வருஷம் இருக்குற தலைவலி.

மூஃபியா_வாசி: சரி தம்பி, ஆனா காலேஜ் பசங்களுக்கு லாபந்தான், யூனிவர்சிட்டி பக்கத்துலயே ஸ்டேஷன் இருக்கே.

மலைப்பாதை: ஆமா, பஸ் டிக்கெட்டே இதுக்கும் செல்லும், அதான் முக்கியம். தனி டிக்கெட்னா யாரும் ஏற மாட்டாங்க.