கிறிஸ்துமஸ் பலகாரம்: வீட்டில் சுடுவதா, வாங்குவதா?

வடசேரிக்காரி
நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். இந்த வருஷம் பலகாரம் சுட வேண்டாம், வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "முந்திரிக்கொத்தைப் போய் கடையில் வாங்குவதா?" என்று கேட்டார்கள்.

அத்தைக்கு 67 வயது. போன வருஷம் டிசம்பர் 21 முதல் 23 வரை அத்தையும் நானும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சிறுபயறை வறுத்து, தோல் போகப் புடைத்து, மில்லில் திரித்து, தேங்காயைச் சிவக்க வறுத்து, பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருட்டி, மாவில் முக்கிச் சுட்டோம். அது முடிந்ததும் அச்சுமுறுக்கு, அதிரசம், கலகலா. 25-ஆம் தேதி விடியற்காலை நாலரை மணி ஆராதனைக்குப் போனபோது அத்தைக்குக் கால் வீங்கியிருந்தது. பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள், அத்தையால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இட்லி, கறிக்குழம்பு. மதியம் பிரியாணி. அதையும் நாங்கள் இரண்டு பேரும்தான் செய்தோம்.

நான் சொல்வது ஒன்றுதான். சாப்பிடுகிறவர்களும் சேர்ந்து சுட வேண்டும். முடியாதென்றால் வாங்க வேண்டும்.

பாளை அண்ணாச்சி
தங்கச்சி, அத்தையின் கால்வலியை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொள்ளலாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கடை முந்திரிக்கொத்தை நீங்கள் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காயைச் சரியாக வறுக்காமல் போட்டிருப்பார்கள், நாலாம் நாளே காறல் அடிக்கும். எண்ணெய் எத்தனை முறை கொதித்ததோ தெரியாது. எங்கள் அம்மா சுட்டது பொங்கல் வரைக்கும் டப்பாவில் இருக்கும்.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு ஒன்று உண்டு. நெல்லையிலும் நாகர்கோவிலிலும் இப்போது கிறிஸ்துமஸ் என்றால் கேக் என்று ஆகிவிட்டது. கேரல் ரவுண்ட்ஸ் போகிற பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு கேக்தான் கொடுக்கிறார்கள். கேக் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பண்டம். முந்திரிக்கொத்து நம்முடையது. நம் வீட்டில் அடுப்பு அணைந்தால் பத்து வருஷத்தில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாமல் போகும்.

மாவும் வெண்ணெயும்
அண்ணாச்சி, கேக் அந்நியம், பலகாரம் நம்முடையது என்று கோடு போடுவது சரிவராது. நான் பேக்கரியில் வேலை செய்கிறவன், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1883-இல் கேக் சுட்டார். பர்மாவில் பிஸ்கட் போடக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். அஞ்சரக்கண்டித் தோட்டத்து பிரவுன் என்ற வெள்ளைக்காரர், இங்கிலாந்திலிருந்து வந்த பிளம் கேக்கைக் கொடுத்து, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கி ஊற்றச் சொன்னாராம். பாபு அதை விட்டுவிட்டு உள்ளூரில் பழத்தில் வடித்த சாராயத்தைச் சேர்த்தார் என்று சொல்வார்கள். கேக் இந்தப் பக்கம் வந்து 140 வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் எத்தனை வருஷம் அது வாசலில் நிற்க வேண்டும்?

சரி, அச்சுமுறுக்கைப் பாருங்கள். பூப்போன்ற இரும்பு அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரிக்கிற அதே வேலையை நார்வேயிலும் சுவீடனிலும் கிறிஸ்துமஸுக்குச் செய்கிறார்கள். இலங்கையில் அது கொக்கிஸ். டச்சுக்காரர்கள் விட்டுப்போனது என்பார்கள். அப்படியென்றால் அச்சுமுறுக்கையும் தள்ளிவிடலாமா?

அம்மம்மா வீடு
கொக்கிஸ் என்று பெயர் வந்ததும் எழுதத் தோன்றியது. நான் யாழ்ப்பாணம். உங்கள் முந்திரிக்கொத்தை விவரித்ததைப் படித்ததும் ஆச்சரியமாக இருந்தது. வறுத்த பயற்றம் மாவு, தேங்காய்ப்பூ, பாகு சேர்த்து உருட்டி மாவில் தோய்த்துப் பொரிப்பதை நாங்கள் பயற்றம் பணியாரம் என்போம். அம்மம்மா தைப்பொங்கலுக்குச் செய்கிற பக்கத்து வீட்டு மாமியிடம் கற்றுக்கொண்டு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, செய்தவ. ஆகவே அது கிறிஸ்தவப் பலகாரம் என்றும் சொல்ல ஏலாது.

எங்கள் நத்தார் கேக் வேறு மாதிரி. கோதுமை மாவுக்குப் பதில் ரவை, நிறைய முட்டை மஞ்சட்கரு, பொடியாக வெட்டின கஜு (முந்திரிப்பருப்பு), சீனிப்பாகில் ஊறின பூசணி, சௌசௌ, பன்னீர், தேன். சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தாளில் சுற்றிக் கொடுப்போம். அந்தக் கஜுவையும் பழங்களையும் வெட்டுவதற்கு ஒரு நாள் ஒதுக்குவோம். மாமா, பெரியப்பா, பிள்ளைகள் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து வெட்டுவார்கள். அதை ஒருவர் தனியே செய்ததாக எனக்கு நினைவே இல்லை. வடசேரி அக்கா சொல்வதுதான் எனக்கும் சரியாகப்படுகிறது.

பாளை அண்ணாச்சி
மாவும் வெண்ணெயும் தம்பி, தலச்சேரிக் கதை எனக்கும் தெரியும். எங்கிருந்து வந்தது என்று நான் சண்டை போடவில்லை. கேக்கை யாரும் அழியவிட மாட்டார்கள், டிசம்பர் 1-ஆம் தேதியே எல்லா பேக்கரியிலும் அடுக்கிவிடுகிறார்கள். முந்திரிக்கொத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? வீடுதான் இருக்கிறது.

(எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். முந்திரி என்றால் இங்கே திராட்சை. மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு குலையாக இருப்பதால் அந்தப் பெயர்.)

எதிர்வீட்டுப் பையன்
நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் இந்தப் பலகாரத் தட்டில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் பேசுகிறேன்.

மார்த்தாண்டத்தில் எங்கள் எதிர்வீட்டிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தட்டு வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும். எங்கள் பாட்டி முட்டை சேர்த்த எதையும் தொட மாட்டார். எதிர்வீட்டு அம்மாவுக்கு அது தெரியும். அதனால் அச்சுமுறுக்கை எங்கள் தட்டில் வைக்க மாட்டார், முட்டை போட்டிருப்பதால். முந்திரிக்கொத்து மட்டும் பத்துப் பதினைந்து தனியாக ஒரு தூக்கில் வரும். "இது முதல் ஈடு பாட்டி, எண்ணெயில் வேறு எதுவும் போடவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஐந்து வருஷமாக கேக் பெட்டி வருகிறது. அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டி அதைத் தொட்டதில்லை. கேக்கா பலகாரமா என்று பேசும்போது, தட்டு யார் வீட்டுக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வடசேரிக்காரி
தம்பி எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த எதிர்வீட்டு அம்மா ஏன் ஐந்து வருஷமாகச் சுடவில்லை என்று யாராவது கேட்டீர்களா? முதுகுவலியாக இருக்கலாம், கூடமாட நிற்க ஆள் இல்லாமலும் இருக்கலாம்.

அண்ணாச்சி, வீடுதான் இருக்கிறது என்றீர்கள். வீடு என்றால் யார்? மணம், ருசி, பாரம்பரியம் என்று எழுதுகிற எந்த ஆணும், "நான் பயறு வறுத்தேன்" என்று இதுவரை எழுதவில்லை.

நாசரேத் டீச்சர்
எனக்கு 63 வயது. அத்தை வயதுக்காரியாக ஒரு வார்த்தை.

வடசேரி மகளே, உன் கோபம் நியாயம். ஆனால் எங்களுக்காகப் பேசும்போது எங்களிடம் கேட்டுவிட்டுப் பேசு. எனக்குப் பலகாரம் சுடுவது பாரமாக இருந்ததில்லை. என் அம்மாவின் அச்சு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எண்ணெயில் காயவைத்து மாவில் முக்கால் பாகம் முக்கும்போது ஒரு 'சுர்' சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு அம்மா இருக்கிறாள். அத்தையை உட்காரவைத்து எல்லாவற்றையும் கடையில் வாங்கி வைத்தால் அவர்களுக்கு நிம்மதி வரும் என்று நீ நினைக்கிறாய். வராமலும் போகலாம்.

அண்ணாச்சிக்கும் ஒரு கேள்வி. நம் ஊர்க் கோயில்களில் அசன விருந்து நடக்கிறதே, ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பது யார்? எங்கள் ஊரில் முழுக்க ஆண்கள்தான். முந்தின நாள் ராத்திரியே விறகு அடுக்கி, காய் நறுக்கி, அண்டாவில் கிளறி, விடிய விடிய நிற்கிறார்கள். அங்கே நிற்கிற கால் வீட்டு அடுப்படியில் ஏன் நிற்பதில்லை?

பாளை அண்ணாச்சி
டீச்சரம்மா, அசனத்துக்கு நான் பதினெட்டு வருஷமாக அண்டா பிடிக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் அம்மா விடமாட்டார்கள், பதம் கெட்டுவிடும் என்பார்கள் என்று எழுத வந்தேன். யோசித்தால், நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் என் கட்சியை விடவில்லை. வேலையைப் பங்கு போடலாம், வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

மாவும் வெண்ணெயும்
வெளியே அனுப்பினால் என்ன கெட்டுவிடும் அண்ணாச்சி? கடை என்றதும் எல்லோரும் பெரிய கடையை நினைக்கிறீர்கள். திங்கள்சந்தைப் பக்கம் என் சித்தி நவம்பர் கடைசியிலேயே ஆர்டர் எடுப்பார். கூட நாலு பெண்கள். தேங்காயெண்ணெய், தினமும் புது எண்ணெய், உங்கள் அம்மா கைப்பக்குவம்தான். சித்தி கைம்பெண். இந்த ஒரு மாதப் பணத்தில்தான் பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணியும் ஜூன் மாதப் பள்ளிச் செலவும். உங்கள் அம்மா வீட்டில் சுட்டால் பாரம்பரியம், என் சித்தி சுட்டு நீங்கள் காசு கொடுத்தால் பாரம்பரியம் இல்லையா? பெண்ணின் உழைப்புக்குக் காசு வருவது சித்தி சுடுவதில் மட்டும்தான்.

பாளை அண்ணாச்சி
தம்பி, சித்தியை நான் குறைத்துப் பேசவில்லை, அவர்களிடம் வாங்குவேன். ஆனால் என் மகள் பாகு காய்ச்சுவதைப் பார்க்காமல் வளர்ந்தால், நாளைக்கு உங்கள் சித்திக்குப் பிறகு ஆர்டர் எடுக்க யார் வருவார்கள்?

வடசேரிக்காரி
இன்று காலை அத்தையிடமே கேட்டேன், டீச்சரம்மா சொன்னபடி. "முந்திரிக்கொத்தை விட மாட்டேன், மற்றதை எல்லாம் விட்டுவிடலாம்" என்றார்கள். அதிரசம் அவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். மாமா கேட்டார் என்பதற்காக 41 வருஷம் சுட்டிருக்கிறார்கள். மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது.

சரி, முடிவு இதுதான். ஒரு கிலோ பயறு, முக்கால் கிலோ கருப்பட்டி, இரண்டு தேங்காய். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்காரர் பயறு வறுப்பார். சனிக்கிழமை கொழுந்தனார் மில்லுக்குப் போவார், தேங்காயும் அவர்தான் திருவ வேண்டும். பாகு பதம் மட்டும் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். உருட்டுவது எல்லோரும். அச்சுமுறுக்கு 50 சித்தியிடம் ஆர்டர், தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள் தம்பி. 25-ஆம் தேதி காலை இட்லிக்கும் கறிக்கும் யார் நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தச் சண்டை இன்றைக்கு ராத்திரி.

பாளை அண்ணாச்சி
அச்சுமுறுக்கை நானே சுட்டுப் பார்க்கிறேன் தங்கச்சி. பழைய அச்சு அம்மாவிடம் இல்லை, நேற்று பாளை மார்க்கெட்டில் புது இரும்பு அச்சு வாங்கிவிட்டேன். டீச்சரம்மா, மாவு அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது, கழலவில்லை. என்ன செய்ய?

நாசரேத் டீச்சர்
புது அச்சு அப்படித்தான் இருக்கும். அரிசி கழுவின தண்ணீரில் மூன்று நாள் போட்டு வை, தினம் தண்ணீரை மாற்று. அப்புறம் துடைத்து, எண்ணெய் தடவி ஒரு நாள் வை. சுடும்போது அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். மாவில் முழுக்க முக்கிவிடாதே, மேல் விளிம்பை மாவு மூடினால் கழலாது. முதல் ஐந்தாறு உடையும். தூக்கிப் போடாமல் பிள்ளைகளிடம் கொடு.