மறு: வியர்ட் ஃபிக்‌ஷனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

> திகில் கதை என்றால் எல்லாருக்கும் புரியும். அது போதாதா?

ஹாரருக்குத் திகில் நன்றாகவே பொருந்துகிறது, இருக்கட்டும். வியர்ட் ஃபிக்‌ஷன் வேறு: பயமுறுத்துவதைவிட, உலகம் இயங்கும் முறையையே சந்தேகிக்க வைக்கும் கதை அது. மதிப்புரை எழுத உட்காரும்போதுதான் அது போதாமல் போகிறது. அண்மையில் ஒரு கதையைக் கையெழுத்துப்படியில் படித்தேன். ஒருவன் சவரம் செய்துகொண்டே கண்ணாடியில் தன் பின்சுவரைப் பார்க்கிறான். எல்லாம் இடம்வலம் மாறித் தெரிகிறது, கடிகாரம் மட்டும் மாறவில்லை. திரும்பிப் பார்த்தால் சுவரிலும் அது சரியாகத்தான் இருக்கிறது. அவ்வளவுதான் கதை. பேய் இல்லை, சாவு இல்லை. எனக்கு இரண்டு நாள் அது மனதைவிட்டுப் போகவில்லை. திகில் கதை என்று சொல்லி நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். "பயமே வரலையே" என்று திருப்பித் தந்தார். அவர்மேல் தவறில்லை. நான் சொன்ன பெயர்தான் அந்தக் கதையைத் தோற்கடித்தது.

இந்த வகைக்குப் பெயர் நிலைத்ததில் 1923இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்குப் பங்குண்டு. அதில் எழுதிய லவ்கிராஃப்ட், 1927இல் வந்த கட்டுரையொன்றில், ரகசியக் கொலையும் ரத்தம் தோய்ந்த எலும்பும் சங்கிலி இழுத்துவரும் உருவமும் போதாது, இயற்கை விதிகளே செயலற்றுப் போகும் உணர்வு வேண்டும் என்று வரையறுத்தார். கடிகாரக் கதையில் நடப்பது அதுதான்.

> விசித்திரப் புனைவு, அமானுஷ்யப் புனைவு, மர்மப் புனைவு: ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே?

விசித்திரம் இன்று வேடிக்கைப் பக்கம் சாய்ந்துவிட்டது. அமானுஷ்யம் என்றதும் ஆவி வந்துவிடும். மர்மம் என்றால் கடைசிப் பக்கத்தில் முடிச்சு அவிழ வேண்டும். இந்தக் கதைகளில் முடிச்சை அவிழ்த்தால் கதையே போய்விடும்.

> வேர்ப்பொருளைப் பார்த்தால் 'ஊழ்' என்றல்லவா வர வேண்டும்?

பழைய ஆங்கிலத்தில் 'வியர்ட்' என்பதன் மூலச்சொல் விதியைக் குறித்தது உண்மை. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளுக்கு 'வியர்ட்' என்ற அடைமொழி வந்ததும் அப்படித்தான். ஆனால் ஊழ் என்றதும் நம் நினைவுக்கு வருவது சிலப்பதிகாரம். வேரைப் பிடித்தால் இன்றைய பொருள் நழுவிவிடும்.

என் பரிந்துரை: மருட்புனைவு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அச்சமும் மருட்கையும் (வியப்பு) தனித்தனி மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகள். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்றோர்). நான்குமே நமக்குத் தீங்கு செய்யக்கூடியவை. மருட்கைக்கும் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இவற்றில் எதுவும் நம்மைத் தாக்க வருவதில்லை. முன்பு காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, அளவுக்கு மீறிச் சிறியது, ஒன்று இன்னொன்றாகத் திரிந்தது. அதோடு 'மதிமை சாலா மருட்கை' என்று ஓர் அடைமொழியும் இருக்கிறது. அறிவு எட்டாத இடத்தில் பிறப்பது என்று அதை நான் வாசிக்கிறேன். திகிலுக்கும் நாம் தேடும் வகைக்கும் நடுவே போட வேண்டிய கோடு அங்கேயே போட்டுக் கிடக்கிறது. முதல்முறை இது கண்ணில் பட்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

அப்படியானால் மருட்கை என்றே வைக்கலாமே என்று கேட்பீர்கள். மருட்கையில் வியப்புதான் மேலோங்கி நிற்கிறது. அழகைக் கண்டு வியப்பதும் அதில் அடங்கும். மருள் அதைவிட இருண்ட சொல். மயக்கம், திரிபுணர்ச்சி, ஆவேசம் எல்லாம் அதில் உண்டு. "பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்" என்கிறது 351ஆம் குறள். பொய்யை மெய்யாகக் காண்கிறோமா, அல்லது இதுவரை மெய் என்று இருந்ததுதான் பொய்யா? நல்ல வியர்ட் கதை வாசகரை நிறுத்திவைப்பது இந்த இடத்தில்தான்.

> மருட்டுதல் என்றால் மிரட்டுதல் ஆயிற்றே. குழப்பம் வராதா?

வரலாம். 'மருட்' என்று காதில் விழும்போது மிரட்டலும் சேர்ந்தே வரும், மறுக்கவில்லை. சிறுகதைக்கு மருள்கதை என்றால் அந்தத் தொல்லை இல்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, மருள் தனியாக நின்றும் வேலை செய்யும் என்பது. "இரண்டாம் பத்தியில் கூடிய மருளை ஆசிரியரே விளக்கம் சொல்லிக் கலைத்துவிட்டார்" என்று ஒரு மதிப்புரையில் எழுதலாம். "திகில் உண்டு, மருள் இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கலாம். இப்போது இதைச் சொல்ல எனக்கு ஒரு முழுப் பத்தி ஆகிறது.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

மருட்புனைவு (பெ.): அச்சுறுத்துவதை முதல் நோக்கமாகக் கொள்ளாமல், உலகம் இயங்கும் முறைமேல் வாசகருக்குள்ள நம்பிக்கையைக் குலைக்கும் புனைவு.

'முதல் நோக்கமாக' என்பதை எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். லவ்கிராஃப்டின் பேரண்டக் கதைகளில் திகிலும் மருளும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அவற்றை வெளியே தள்ளும் வரையறை சரியாகாது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்