பினாங்கு ஆயர் ஈத்தாம் குடும்பக் குழு: கவினின் மோட்டார் சைக்கிள்

அம்மா: ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பரிசம் போட வருகிறார்கள். வாசலில் கவினின் மோட்டார் சைக்கிள் எண்ணெயை ஒழுகவிட்டு நிற்கிறது. அண்ணா, நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

கவின்: முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களில் இடப்பக்கம் கசிகிறது. சனிக்கிழமை வீட்டிலேயே கழற்றி, இரண்டு பக்கமும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை, அதாவது சீல்களை, மாற்றிவிடுகிறேன்.

பெரிய மாமா: பாலேக் புலாவ் சேற்றில் ஓட்டிய பிறகுதானே கசிகிறது? முதலில் தூசிச் சீலைக் கீழே இறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை எண்ணெய்ச் சீலின் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடு. மணல் மாட்டியிருந்தால் அதோடு வந்துவிடும்.

கவின்: நேற்றே செய்தேன், மாமா. நிற்கவில்லை.

பெரிய மாமா: அப்படியானால் கழற்றத்தான் வேண்டும். முன்சக்கரம் தரையில் படாதபடி மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றி, ஃபோர்க் மூடியிலுள்ள சிறு திருகைத் திறந்து உள்ளே சேர்ந்திருக்கும் காற்றை வெளியேற்று. பிறகு ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்பைத் தளர்த்தி, கீழ்க் கிளாம்பு பிடித்திருக்கும்போதே அந்த மூடியைச் சற்று இளக்கிவிடு. ஃபோர்க்கை வெளியே எடுத்த பிறகு இளக்க முயன்றால், அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் வைஸில் இறுக்கிக் குழாயை நசுக்கிவிடுவாய். சக்கரத்தைக் கழற்றும்போது, பிரேக் கட்டைகள் இருக்கும் காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டு. சக்கரம் இல்லாதபோது பிரேக் பிடியை யாரும் அழுத்தக் கூடாது.

அம்மா: சின்னவள் அந்தப் பிடியோடுதான் விளையாடுவாள்.

பெரிய அத்தை: பரிசத் தட்டு ஒன்பதா, பதினொன்றா?

அம்மா: பதினொன்று, அண்ணி.

பெரிய மாமா: எண்ணெயை வடித்த பின், சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பை எடுக்கும்போது, ஸ்க்ரூடிரைவர் உட்குழாயைக் கீறிவிடாமல் பார்த்துக்கொள், ஏனென்றால் ஒரு கீறல் போதும், புதுச் சீலும் கிழியும். பிறகு இரண்டு குழாய்களையும் வெடுக்கென்று பலமுறை இழுத்தால், குழாய்கள் உரசாமல் தடுக்கும் வளையமான புஷ்ஷும் சீலும் சேர்ந்து வெளியே வரும். புதுச் சீலைப் போடுமுன் உட்குழாயின் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கிரீஸ் தடவு. முதலில் தூசிச் சீல், அடுத்து சர்க்ளிப், எண்ணெய்ச் சீல், வாஷர், கடைசியில் புஷ். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறையில் கொடு.

அக்கா: வாசல் முழுவதும் எண்ணெய் வாடை வீசுமே.

கவின்: அட்டை விரிக்கிறேன், அக்கா. மாமா, தாத்தாவின் கருவிப் பெட்டியில் இருந்த டார்க் ஸ்பானர், அளவு பார்த்து இறுக்குவது, எங்கே இருக்கிறது?

பெரிய மாமா: கருவிப் பெட்டியை யார் எடுத்துப் போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். அது கட்டாயம் வேண்டும், கவின். கீழ்க் கிளாம்பைக் கைக்கணக்கில் அளவு மீறி இறுக்கினால், வெளிக்குழாய் நெருக்கி, உட்குழாய் தடங்கித்தான் ஏறி இறங்கும்.

சின்ன மாமா: நான் எடுத்துப் போகவில்லை. அப்பாவே என் கையில் கொடுத்தார்.

அம்மா: தம்பி, பரிசம் முடியட்டும்.

சின்ன மாமா: நான் தர மாட்டேன் என்று சொல்லவில்லையே. கவின் ஃபெரி ஏறி பட்டர்வொர்த்துக்கு வரட்டும்.

அம்மா: சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பந்தல்காரர் வருகிறார். அதற்குள் முடியுமா?

கவின்: ஸ்பானர் முன்னதாகவே கிடைத்தால் முடியும்.

சின்ன மாமா: வெள்ளிக்கிழமை இரவு அழைத்துப் பார்.