புதுப்பிப்பு: மடிக்கணினியுடன் இணைத்த பிஎச் உணரி நிலைகொள்ளாத சிக்கல் தீர்ந்தது

சிங்கப்பூரில் எங்கள் உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தின் பிஎச் (கரைசலின் அமில, காரத் தன்மையின் அளவு) உணரி, டைட்ரேஷன் (அமிலத்தில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளக்கும்) சோதனையில் ஓர் அளவில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதாகச் சென்ற மாதம் கேட்டிருந்தேன்; பதிலளித்தவர்களுக்கு நன்றி. மென்பொருளை மாற்றியதில் பலனில்லை. உணரியின் அளக்கும் பகுதியான மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுவைப்பதே கோளாறு என்று ஒருவர் சொன்னதுதான் சரி. அதை 3 மோலார் (செறிவின் அலகு) பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, பிஎச் 4, 7, 10 தாங்கல் கரைசல்களில் (பிஎச் எளிதில் மாறாதவை) அளவுதிருத்தம் செய்தபின், 0.1 மோலார் எத்தனாயிக் அமிலத்தில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தபோது, பிஎச் வளைகோடு, வர வேண்டியபடியே, 8.7-ஐ ஒட்டிச் செங்குத்தாக ஏறியது. எதிர்பாராத ஒன்று: மறுவாரம் மின்முனையின் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து, விரிசல் என்றெண்ணிப் புதியது வாங்கவே கிளம்பிவிட்டோம். அது ஊறவைத்த கரைசலின் காய்ந்த உப்புதான், கழுவியதும் போய்விட்டது.