மறு: பல் தேய்வு – மூன்று சொல் தேவை, திங்களுக்குள்

தொல்லியல் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை மாணவர்களுக்குப் பழைய எகிப்தியர் பற்களைப் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், திங்கள் காலை வகுப்பு. அட்ரிஷன், அப்ரேஷன், ஈரோஷன் மூன்றுக்குமே ‘தேய்மானம்’ என்று எழுதிப் பார்த்தேன், பாடமே குழம்பிப்போகிறது. முதலாவது, பல்லோடு பல் உரசுவது. இரண்டாவது, வெளிப்பொருள் உரசுவது: அரைகல்லின் துகளும் பாலைமணலும் ரொட்டியில் கலந்து, கடைவாய்ப் பல்லின் முகடுகள் மழுங்கி, நடுவில் டென்டின் என்ற உள்திசு பழுப்பாகத் தெரிய, எனாமல் என்ற கடினமான மேலுறை சுற்றிலும் வெள்ளை விளிம்பாக மட்டும் மிஞ்சியிருக்கும், பலருக்குப் பல்லின் நடுவிலுள்ள பற்கூழ் வரை போய்ச் சீழ் கட்டியிருக்கிறது. மூன்றாவது அமிலத்தால் வருவது, இன்றைய குளிர்பானப் பல். எனாமலுக்கும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):
‘தேய்மானம்’ வேண்டாம் அம்மா, அது இயந்திரத் தேய்மானம் என்று கணக்கர்களிடம் போய்விட்டது. ‘தேய்வு’ போதும். அப்ரேஷனுக்கு வள்ளுவரே வழிகாட்டுகிறார், ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ (888). அரத்தின் வேலை அராவுதல், ஆகவே ‘அராவுதேய்வு’. ஈரோஷனுக்கு மண்ணரிப்பு இருக்கும்போது பல்லரிப்பு ஏன் கூடாது? எனாமல் விஷயத்தில் எனக்கு நெடுநாள் எண்ணம் ஒன்று உண்டு. ‘வாலெயிறு ஊறிய நீர்’ என்ற குறளில் பல்லைக் குறித்து வரும் எயிறும், மதிலைக் குறிக்கும் எயிலும் ஒரே வேர் என்பது என் துணிபு. எனாமல் பல்லுக்கு மதில்தானே! ‘எயிலம்’ என்போம்.

பல் மருத்துவர்:
ஐயா, எயிறு எயில் உறவுக்கு ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு சான்று தெரியவில்லை. பல்லரிப்பு என்றால் என்னிடம் வருபவர்கள் ஈறு நமைக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனாமல் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம், சுமார் 5 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கோல்கள் நெருக்கமாக அடுக்கிய அமைப்பு. உள்பகுதியில் அந்தக் கோல்கள் குறுக்குமறுக்காகப் பின்னியிருப்பதால்தான் விரிசல் ஓடாமல் நிற்கிறது. அமிலத்தன்மை கூடி பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் இந்தக் கனிமம் கரையத் தொடங்கும். எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் போனது திரும்ப வளராது. பல் கரைந்து இறங்க, பழைய அடைப்பு (ஃபில்லிங்) மட்டும் மேடாக நீட்டிக்கொண்டிருக்கும், நான் அடிக்கடி பார்ப்பது. அதனால் ‘அமிலக் கரைவு’. ஒன்று கவனியுங்கள்: சொத்தையிலும் அமிலம் உண்டு, ஆனால் அது பாக்டீரியா உண்டாக்குவது. இரண்டையும் கலக்கக்கூடாது. அப்புறம், ஒரே வாயில் மூன்று தேய்வும் சேர்ந்தே இருக்கும், பொதுச்சொல்லும் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் எனாமல் எப்போதோ ‘மிளிரி’ ஆகிவிட்டது, பிள்ளைகள் தடங்கலில்லாமல் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘பற்சிப்பி’ என்று இருப்பதும் தெரியும். பல் சிப்பியால் ஆனது என்று சின்னப் பிள்ளை நினைத்துவிடாதோ? ‘அராவுதேய்வு’ வினைத்தொகை, நடுவில் ஒற்று போட்டுவிடாதீர்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):
மிளிரி அழகான சொல், ஆனால் மிளிர்வது எல்லாம் மிளிரிதானே? முத்துக்கும் அது பொருந்துமே. மேலும் தேய்வதற்கு உரசல்தான் வேண்டும் என்பதில்லை, ‘அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை’ (555), அங்கே தேய்ப்பது நீர். அமிலத்துக்கும் ‘தேய்வு’ என்ற சொல்லே தாங்கும்.

தொல்லியல் ஆசிரியர்:
எல்லாருக்கும் நன்றி. நேரமில்லை, இப்படி அச்சுக்கு அனுப்புகிறேன்: பொதுவாகப் பல் தேய்வு, எதிர்ப்பல் தேய்வு, அராவுதேய்வு, அமிலக் கரைவு. எனாமல் எனாமலாகவே இருக்கும், முதல் இடத்தில் மட்டும் ‘மிளிரி, பற்சிப்பி’ என்று சேர்க்கிறேன். ‘எதிர்ப்பல் தேய்வு’ நீளம்தான், ஆனால் கேட்டதும் விளங்குகிறது.

பல் மருத்துவர்:
எனக்குச் சம்மதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சரி. எங்கள் பக்கம் மிளிரி தொடரும்.

தமிழாசிரியர் (ஓய்வு):
கரைவுக்கு நான் உடன்படவில்லை. உப்பு கரைந்தால் உருவே மிஞ்சாது. பல் அப்படிப் போவதில்லையே, பள்ளம் விழுந்து நிற்கிறது. கறையான் மரத்தை அரிப்பதுபோல மேலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகத் தின்னும் வினைக்கு ‘அரி’யை விட்டால் வேறு சொல் இல்லை. நமைச்சலுக்குப் பயந்து அதைக் கைவிடலாமா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள், அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.