புதுப்பிப்பு: வேதியியல் ஆசிரியர் நினைவு உதவித்தொகை தொடங்கிவிட்டோம்

மறைந்த எங்கள் வேதியியல் ஆசிரியர் பெயரில், அரசுப் பள்ளியில் படித்து பி.எஸ்சி. சேரும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தர தனி டிரஸ்ட் பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "டிரஸ்ட் வேண்டாம், கல்லூரியிலேயே அறக்கட்டளை நிதி (எண்டோமென்ட், அசலை வைத்து வட்டியில் உதவுவது) வையுங்கள்" என்ற யோசனைதான். டிரஸ்ட் என்றால் பத்திரப்பதிவு, தனி பான், டிரஸ்டுக்கு வருமான வரிவிலக்குக்கான 12ஏ பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகைக்கான 80ஜி பதிவு, வருடா வருடம் கணக்குத் தாக்கல் என்று இழுத்துக்கொண்டே போகும், எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு அது தேவையே இல்லை. நண்பர்கள் சேர்ந்து 5 லட்சத்தைக் கல்லூரி பெயரில் வைப்புநிதியாகப் போட்டோம். 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். அசலைத் தொடக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம். வட்டி கைக்கு வர ஒரு வருடம் ஆகும், அதனால் இந்த முறைக்கான தொகையைத் தனியாகத் திரட்டினோம்.

எதிர்பாராதது ஒன்று. முதல் மதிப்பெண்ணுக்கு ஆண்டு விழாவில் தருவதாக இருந்தோம். துறைத் தலைவர், சேர்ந்த உடனே கொடுங்கள், லேப் கோட், ரெக்கார்டு நோட்டு, விடுதி முன்பணம் எல்லாம் அப்போதுதான் நெருக்கும் என்றார். சார் இருந்திருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார், உடனே மாற்றிவிட்டோம்.

அப்புறம், எங்கள் உதவித்தொகை வாங்கினால், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நின்றுவிடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நிற்காது, வேறு உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் அது உண்டு.

நன்கொடையை வங்கி வழியாகவே வாங்குங்கள், 80ஜி பதிவுள்ள அமைப்பாக இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது.