நாயோடு கடற்கரை விடுதியில் தங்குவது: குடும்பத்தின் உரிமையா, பிறர் தலையில் ஏற்றும் சுமையா?

அலைவாசி எழுதியது:

நாய்களையும் ஏற்றுக்கொள்ளும் கடற்கரை விடுதி ஒன்றில் குடும்பத்தோடு தங்கிவிட்டு அண்மையில் திரும்பினோம். நானும் மனைவியும், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவரும், என் தாயாரும், நடுத்தர உயரமுள்ள கலப்பின நாய் ஒன்றும் சேர்ந்ததுதான் எங்கள் குடும்பம். இதைக் கேள்விப்பட்ட உறவினர்கள் சிலர், "நாய்க்குக்கூட விடுதி அறையா?" என்று முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறதா என்று பேசிப் பார்க்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்களுக்குத் தரைத்தளத்தில், கம்பளம் விரிக்காத, ஓடு பதித்த அறை கிடைத்தது. கதவைத் திறந்தால் தாழ்வாரம், அதைக் கடந்தால் மணல். லிஃப்டிலோ வரவேற்பறையிலோ பிறரை உரசிக்கொண்டு நாயை நடத்திச் செல்ல வேண்டிய தேவையே இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றைக் கேட்டுப் பார்த்தார்கள். நாயை அறையில் தனியே விட்டுச் செல்ல மாட்டோம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். வாடகையோடு தனிக் கட்டணமும் வசூலித்தார்கள். இவை எதிலும் எனக்குக் குறை இல்லை. உணவுக்கூடத்துக்குள் நாய்க்கு அனுமதி இல்லை என்பதால் முறை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். யாராவது ஒருவர் எப்போதும் அறையில் இருந்தோம்.

என் வாதம் இதுதான். பிள்ளைகள் மெத்தையை நனைப்பதையும், பெரியவர்கள் விரிப்பில் காபியைக் கொட்டுவதையும், நள்ளிரவில் பக்கத்து அறையில் கும்மாளம் போடுவதையும் தொழிலின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும் விடுதிகள், கட்டுப்பாட்டோடு வரும் ஒரு நாயை மட்டும் வாசலிலேயே மறிப்பது பழக்கத்தால் வந்ததே தவிர, ஆராய்ந்து எடுத்த முடிவு அன்று. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

காரணத்தோடே எழுதுகிறேன். என் மகளுக்கு ஆஸ்துமா உண்டு. நாயின் அருகாமை அவளுக்கு மூச்சிரைப்பைத் தூண்டிவிடும். நாயைக் கண்டால் நாங்களே விலகிப் போய்விடுவோம், அதில் சிக்கல் இல்லை. கண்ணில் படாத நாய்தான் எங்களுக்குச் சிக்கல்.

நாயின் முடிதான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் உமிழ்நீரிலும், தோலிலிருந்து உதிரும் நுண்செதில்களிலும் உள்ள புரதங்களே காரணம்; முடி அவற்றைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். அதனால் முடி உதிராத இனம் என்று சொல்லி விற்கப்படும் நாய்களும் இதற்கு விதிவிலக்கு அல்ல. இந்தச் செதில்கள் கம்பளத்திலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் படிந்துவிட்டால், நாய் வெளியேறி மாதக்கணக்கான பிறகும் அங்கேயே தங்கியிருக்கக்கூடும். விரிப்பை மாற்றி நறுமணம் தெளித்தால் வாடை போகும், புரதம் போகாது.

ஒரு விடுதியில் இரவு அறைக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே என் மகள் இருமத் தொடங்கினாள். கட்டிலை நகர்த்திப் பார்த்தபோது, தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் பல் பதிந்து பாதி கிழிந்த ரப்பர் பந்து ஒன்று கிடந்தது. வரவேற்பு மேசையில் கேட்டதற்கு, "இது நாய்களுக்குக் கொடுக்கும் அறையே இல்லை" என்று சாதித்தார்கள். பந்து அங்கே எப்படி வந்தது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. நனைந்த மெத்தையும் காபிக் கறையும் அடுத்து வருபவரின் மூச்சை அடைப்பதில்லை. ஆகவே உங்கள் ஒப்பீடு எனக்குப் பொருந்தாது.

அலைவாசி எழுதியது:

உங்கள் மகளின் நிலையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டு நாய்களை ஏற்கும் விடுதிக்கு எதிரானது அன்று. ஏற்காத அறையிலும் நாய் நுழைந்துவிட்டதைக் கவனிக்கத் தவறிய விடுதிக்கு எதிரானது. தவிர, நாய் வளர்ப்பவர்களின் உடைகளில் ஒட்டிக்கொண்டு இந்தப் புரதங்கள் நாயே கால் வைக்காத வகுப்பறைகளுக்குள்ளும் போய்ச் சேருகின்றன என்பதை நீங்களும் அறிந்திருப்பீர்கள். அப்படியிருக்க, நாய்களுக்கென்று தனி வரிசை அறைகளை ஒதுக்கி, அவற்றில் கம்பளமும் துணி சோபாவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மற்ற அறைகளை உறுதியாகக் காப்பதுதானே நம் இருவருக்கும் உகந்த வழி?

கிளிஞ்சல் எழுதியது:

அறையோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். விடுதிக்கு முன்னால் இருக்கும் மணல் யாருடையது? நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, வெதுவெதுப்பான ஈர மணலில் பொரிக்கின்றன; அவற்றிலிருந்து வரும் இளம்புழுக்கள் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே புகுகின்றன. மனித உடல் அதற்கு இயல்பான இருப்பிடம் இல்லை என்பதால் அந்த இளம்புழு தோலுக்கடியிலேயே வழி தவறி ஊர்ந்து, சிவந்த நெளிகோடாகத் தடித்து அரிக்கும். மருந்தால் தீரும் என்றாலும், உட்கார்ந்து மணல்வீடு கட்டும் குழந்தைக்கு அது எங்கெங்கே வரும் என்று எண்ணிப் பாருங்கள். மணலில் முட்டையிடும் பறவைகளையும் ஆமைகளையும் பற்றி நான் இன்னும் தொடங்கவே இல்லை.

வாலாட்டி எழுதியது:

நான் நாய் வளர்ப்பவன். இருந்தும் அலைவாசியோடு உடன்படவில்லை. இங்கே எல்லோரும் மனிதர்களின் வசதியைப் பற்றியே பேசுகிறீர்கள். கடற்கரை விடுதிக்கு வர வேண்டும் என்று நாய் கேட்டதா?

நாய்க்கு மனிதனைப் போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதன் மூலமே அது உடலைக் குளிர்விக்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகும்போது ஆவியாதல் குறைகிறது, இரைப்பு பயனற்றுப் போகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் விரைவாக வந்துவிடும்.

அடுத்து, கடல்நீர். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தாகத்தில் நாய் அதை நக்கிக் குடித்தால் முதலில் வாந்தியும் கழிச்சலும் வரும். அளவு மீறினால் இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். ஈரப் பந்தை மணலில் உருட்டி உருட்டி எடுத்துவரச் சொல்லி விளையாடுகிறோமே, ஒவ்வொரு முறையும் பந்தோடு மணலும் வாய்க்குள் போகிறது. குடலில் அது திரண்டு அடைத்துக்கொண்டால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். உடலைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் கரை ஒதுங்கிக் கிடக்கும்; நாய் அதைத் தின்றுவிட்டால் அதன் நஞ்சுக்கு மாற்றுமருந்தே கிடையாது. பழகிய ஒருவரின் பொறுப்பில், பழகிய வீட்டிலேயே நாயை விட்டுச் செல்வதுதான் அன்பு என்று நான் கருதுகிறேன்.

நாலாம்மாடி எழுதியது:

நான் விடுதி ஒன்றில் அறைப் பராமரிப்பைக் கவனிப்பவன். இந்த விவாதத்தில் யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை என்பதால் எழுதுகிறேன்.

விருந்தினர் காலி செய்த அறையை அடுத்தவருக்குத் தயார் செய்ய எங்களுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் தரப்படுகிறது. நாய் தங்கிய அறைக்கு அந்த நேரம் போதவே போதாது. போர்வை நெசவுக்குள் குத்திக்கொண்டு நிற்கும் குட்டை முடியை வாக்குவம் கிளீனர் இழுப்பதில்லை. ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே போனால்தான் அது திரி திரியாகச் சுருண்டு வரும். கட்டிலின் கால், அலமாரியின் அடிப்பலகை, குளியலறைக் கதவின் உட்புறம் ஆகிய மூன்றையும் குனிந்து பார்க்க வேண்டும். தனியே விடப்பட்ட நாய் எங்கே நின்றிருந்தது என்பதைக் கதவின் கீழ்ப்பகுதியில் உள்ள நகக்கீறல்களே சொல்லிவிடும். குளியல் துண்டால் நாயைத் துடைப்பவர்கள் அதைச் சுருட்டி மற்ற துணிகளுக்கு நடுவே ஒளித்து வைக்கிறார்கள். தனியே வைத்திருந்தால் மணலை உதறிவிட்டாவது சலவைக்கு அனுப்பியிருப்போம்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது உண்ணி. பழுப்பு நாய் உண்ணிக்குக் காடோ புல்வெளியோ தேவையில்லை. அது கட்டடத்துக்குள்ளேயே தன் வாழ்க்கைச் சுற்று முழுவதையும் முடித்துக்கொள்ளும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி சுவர் வெடிப்பிலோ சுவரடிப் பலகையின் இடுக்கிலோ ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓர் அறையில் அது குடியேறிவிட்டால் அந்த அறையைப் பூட்டி வைத்து மருந்தடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. விடுதிகள் தடுப்பூசிச் சான்றைக் கேட்கின்றன. உண்ணி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று எத்தனை விடுதிகள் கேட்கின்றன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாயைத் தனியே விடக் கூடாது என்று கையொப்பம் வாங்குகிறோம். அதே விருந்தினர்கள் காலை உணவு நேரத்தில் "தொந்தரவு செய்யாதீர்" அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு, நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அலைவாசி குடும்பத்தார் முறை வைத்துச் சாப்பிட்டதாக எழுதியதை நான் நம்புகிறேன். அப்படிப்பட்டவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அலைவாசி எழுதியது:

நாலாம்மாடி ஐயா எழுதியவற்றுள் ஒன்றைக்கூட மறுக்க நான் விரும்பவில்லை. உண்ணிச் சான்று கேட்பது நல்ல யோசனை, கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

கிளிஞ்சலுக்கு: நாங்கள் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே இல்லை. குடற்புழு நீக்கும் மருந்தைக் காலம் தவறாமல் கொடுக்கிறோம், மலத்தைப் பையில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறோம். கொக்கிப்புழு மணலில் பரவுவதற்குப் பெரிதும் காரணம், எவரும் மருந்து கொடுக்காமல் கடற்கரையில் திரியும் நாய்களும் பூனைகளும்தான். விடுதி வாசலில் எங்களை மறிப்பதால் அவை குறைந்துவிடுமா? முட்டையிடும் பருவத்தில் கடற்கரையின் ஒரு பகுதியை நாய்களுக்கு மூடிவிடுவதாக இருந்தால் அதற்கு முழுமனதோடு கட்டுப்படுவேன்.

வாலாட்டிக்கு: நீங்கள் பட்டியலிட்ட ஆபத்துகள் யாவும் மெய்யானவை. ஆனால் அவை அனைத்தும் நண்பகலில் நாயை மணலில் ஓடவிடும் அறியாமையைக் கண்டிக்கின்றனவே ஒழிய, நாயைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதைக் கண்டிக்கவில்லை. நாங்கள் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே அதை வெளியே கூட்டிப் போனோம். புறங்கையை மணலில் சில நொடிகள் வைத்துப் பார்த்து, சுட்டால் திரும்பிவிடுவோம். குடிநீரைக் கையோடு கொண்டுபோனோம், பந்தை வீட்டிலேயே வைத்துவிட்டோம். முதல் இரவு மட்டும் அது அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அலையோசை கேட்கும் போதெல்லாம் காதை விறைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றது. வீட்டிலிருந்து கொண்டுபோன அதன் பழைய பாயை அம்மாவின் கட்டிலுக்குக் கீழே விரித்த பிறகுதான் படுத்தது. மறுநாளிலிருந்து அந்த இடம் அதற்குச் சொந்தமாகிவிட்டது.

வாலாட்டி எழுதியது:

அந்த முதல் இரவைத்தான் நானும் சொல்கிறேன். நாய் பழகிக்கொண்டதாக நீங்கள் படிக்கிறீர்கள், அது பதறியதாக நான் படிக்கிறேன். உங்கள் நாய் இளமையானதாகவும் துணிவுள்ளதாகவும் இருந்திருக்கலாம். மூட்டுவலியோடு இருக்கும் முதிய நாய்க்கும், இடிச் சத்தத்துக்கே நடுங்கும் நாய்க்கும் உங்கள் அனுபவத்தை அளவுகோலாக வைத்து யாரேனும் பயணம் கிளம்பிவிடக் கூடாது என்பதே என் கவலை. விடுதி "நாய்களுக்கு ஏற்றது" என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். எந்த நாய்க்கு ஏற்றது என்பதை அந்தப் பலகை சொல்வதில்லை.

உப்புக்காற்று எழுதியது:

நாய் மகிழ்ந்ததா இல்லையா என்பதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என் கேள்வியை நாலாம்மாடி அவர்களிடம் வைக்கிறேன். நாய்களுக்கு ஒதுக்காத அறையில் எனக்குக் கிடைத்த அந்தப் பந்து எப்படி வந்திருக்கும்? இந்த அறையில் கடைசியாக நாய் எப்போது தங்கியது என்று நான் கேட்டால் உங்களைப் போன்றவர்களால் சொல்ல முடியுமா?

நாலாம்மாடி எழுதியது:

கட்டணம் கட்டித் தங்கிய நாயைப் பற்றிய பதிவு இருக்கும். அதைப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிடலாம். கட்டாமல் கொண்டுவந்த நாயைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சிறிய நாயைப் பயணப் பைக்குள் வைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். நாயை மறைத்து வைக்க வேண்டியிருப்பதால் அவர்கள் நாய்களுக்கான தரைத்தள அறையைக் கேட்பதில்லை. கம்பளம் விரித்த மேல்தள அறையில்தான் தங்குகிறார்கள். அடுத்து அந்த அறை, "நாய் இல்லாத அறை வேண்டும்" என்று கேட்டு வரும் உங்களைப் போன்றவர்களுக்கே போகிறது. நாயை அறவே ஏற்காத விடுதிகளிலும் இதே கதைதான். கட்டணத்தை உயர்த்த உயர்த்த, மறைத்துக் கொண்டுவருவது கூடுகிறது என்பது என் அனுபவம்.

உப்புக்காற்று எழுதியது:

அப்படியானால் என் மகளைக் காப்பதற்காக என்று நான் ஆதரித்து வந்த தடையும் கட்டணமும்தான் அவள் படுத்த அறைக்குள் நாயைக் கொண்டுவந்தன என்கிறீர்கள். இதை ஏற்க எனக்குக் கசப்பாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பந்துக்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் பொருந்துவது இதுதான். சரி, கட்டணத்தை நீக்கிவிட்டு, நாயை அறிவிப்பதைக் கட்டாயமாக்கி, அறிவிக்காதவருக்கு மட்டும் தண்டம் விதித்தால் நான் எதிர்க்க மாட்டேன். அறையின் நாய்ப் பதிவை எனக்கு எழுத்தில் காட்ட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. அதைத் தராத விடுதியில் நான் தங்கப் போவதில்லை.

அலைவாசி எழுதியது:

பதிவைக் காட்டுவதில் எனக்கு முழு உடன்பாடு. கட்டணத்தை நீக்குவதில்தான் தயங்குகிறேன். நனைந்த கையுறையோடு ஒரு போர்வையை அங்குலம் அங்குலமாகத் தேய்ப்பவருக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றால், அந்த நேரத்துக்கான கூலியை யார் கொடுப்பது? அதை எல்லா விருந்தினரின் வாடகையிலும் பரப்பிவிட்டால், நாயே இல்லாத நீங்களும் என் நாய்க்குப் பணம் கட்டுவீர்கள். அதற்கு ஒப்புக்கொள்வீர்களா?